சிறையில் எழுதி வாங்கின வாக்குமூலத்தை வகுப்புல எப்படி நடத்துறது?

பாளை டீச்சர் கேட்டது:

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கத்துல ஒரு கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா இருக்கேன். மூணாம் வருஷம் பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. அமெரிக்க வரலாறு தாளுல அடிமை முறைப் பகுதி என் பங்குக்கு வந்தது. பிள்ளைங்க வச்சிருக்கிற கைடுல, அடிமையா இருந்த நாட் டர்னருக்கு மொத்தமே ஒண்ணரை வரி. 1831ல கலகம் பண்ணினார், அடக்கிட்டாங்க. இதை வச்சு அஞ்சு மார்க்குக்கு ஒரு பக்கம் எழுதணும்னா பாவம் அதுக என்னத்த எழுதும்?

சரி, மூலத்தையே கொடுத்துப் பாப்போம்னு ஒரு ஆசை. தாமஸ் கிரேங்கிற வக்கீல் ஜெயிலுக்குள்ள போய் டர்னர் வாயால கேட்டு எழுதினதா சொல்லி அச்சடிச்ச சின்னப் புத்தகம் ஒண்ணு இருக்கு, 'நாட் டர்னரின் வாக்குமூலம்'. அதுல நாலு பக்கத்தை நானே தமிழாக்கி, முருகன்குறிச்சியில ஜெராக்ஸ் போட்டு ஆளுக்கொண்ணு கொடுத்தேன். (42 செட். காசு என் காசு. துறையில எழுதிக் கேட்டா வர்றதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிரும்.)

விவரம் தெரியாதவங்களுக்கு: வர்ஜீனியாவுல சவுத்தாம்ப்டன் கவுண்டி. 1831 ஆகஸ்ட் 21, ஞாயித்துக்கிழமை ராத்திரி. டர்னரும் கூட ஒரு சிலரும் கோடாலியோட கிளம்பி, முதல்ல அவர் இருந்த வீட்டுக்குள்ளயே போனாங்க. ரெண்டு நாளுக்குள்ள ஏறக்குறைய 55 வெள்ளைக்காரங்க செத்தாங்க, பெண்களும் குழந்தைகளும் சேர்த்து. அதுக்குப் பழியா எத்தனை கருப்பின மக்களை விசாரணையே இல்லாம கொன்னாங்கங்கிறதுக்குச் சரியான கணக்கே கிடையாது. டர்னர் ரெண்டு மாசத்துக்கு மேல அதே வட்டாரத்துல ஒளிஞ்சிருந்து அக்டோபர் 30ல மாட்டினார். நவம்பர் 1ல கிரே ஜெயிலுக்குப் போறார். 5ல விசாரணை. 11ல தூக்கு. 10ஆம் தேதியே, ஆள் உசிரோட இருக்கும்போதே, கிரே புத்தகத்துக்கு உரிமை பதிஞ்சு வச்சிட்டார். அவர் டர்னருக்காக வாதாடின வக்கீலும் இல்ல. சொத்து கரைஞ்சு நொடிச்சுப் போயிருந்த மனுஷன். தூக்குல போட்ட ஊர் பேரு ஜெருசலேம். நமக்கு நாசரேத்து இருக்கிற மாதிரி அவங்களுக்கு ஒரு ஜெருசலேம். பின்னாடி கோர்ட்லண்டுன்னு மாத்திட்டாங்க.

இப்ப வகுப்புல நடந்ததைச் சொல்லுதேன்.

மெஞ்ஞானபுரம் பக்கத்துல இருந்து வர்ற பிள்ளை ஒருத்தி, முதல் பக்கம் முடியிறதுக்குள்ள, "மேடம், இது சாட்சி"ன்னா. சபையில எந்திரிச்சு நின்னு, சின்ன வயசுல எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படிக் கூப்பிட்டார், எங்க வழி தவறினேன், எப்படித் திரும்பினேன்னு சொல்லுவாங்களே, அது. டர்னர் சொல்றதும் அப்படியேதான் போகுது. மூணு நாலு வயசுலயே, தான் பிறக்கிறதுக்கு முன்னால நடந்ததைச் சொன்னாராம். ஏர் ஓட்டிக்கிட்டு ஜெபம் பண்ணும்போது ஆவி வந்து தேவனுடைய ராஜ்யத்தைத் தேடச் சொல்லுச்சாம். ஒரு தடவை ஓடிப்போய் 30 நாள் காட்டுல இருந்துட்டுத் தானாவே திரும்பி வந்தாராம். எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் அதைச் செய்யாத ஊழியக்காரன் அநேக அடிகள் அடிக்கப்படுவான்னு ஆவி லூக்கா வசனத்தைச் சொல்லிக் கண்டிச்சுதாம். கூட இருந்த அடிமைகளுக்கு அது பொறுக்கல. உன் புத்தி எங்களுக்கு இருந்தா உலகத்துல எந்த எஜமானுக்கும் வேலை செய்ய மாட்டோம்னு முணுமுணுத்தாங்களாம். அந்தப் பிள்ளை இங்க நிறுத்திட்டா. "ஊழியக்காரர்னா எங்க சபையில ஐயரைச் சொல்லுவோம் மேடம். இங்க அடி வாங்குறவனைச் சொல்லுதாங்க." (எங்க பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர்னுதான் கூப்பிடுறது. வெளியூர்க்காரங்க குழம்பிக்க வேண்டாம்.)

அடுத்தது கடைசி பெஞ்சுப் பையன். அவங்க அப்பா சுடலை மாடன் கோயில்ல கோமரத்தாடி (சாமியாடி). வருஷம் பூரா வாயே தொறக்காதவன் கையைத் தூக்கினான். "சாமி வந்த ஆளு இப்படிப் பேச மாட்டாங்க மேடம். எங்கப்பா கோயில் கொடையில ஆடும்போது ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் சம்பந்தமே இருக்காது. பக்கத்துல நிக்கிறவங்கதான் அர்த்தம் பண்ணிக்கிடுவோம். இது யாரோ அர்த்தம் பண்ணி முடிச்சது."

மூணாவது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன். "சரி மேடம், சாமி வந்தது நெசமா பொய்யா? பரீட்சைக்கு எதை எழுத?"

இது வரைக்கும்கூடச் சமாளிச்சிருப்பேன். மறுநாள்தான் மாட்டினேன். முதல் வீட்டுல எல்லாரையும் கொன்னுட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகு, தொட்டில்ல ஒரு கைக்குழந்தை தூங்கினது ஞாபகம் வந்து, ரெண்டு பேர் திரும்பிப் போய் அதையும் கொன்னாங்கன்னு புத்தகத்துல இருக்கு. என் தமிழ்ல அந்த வரி இல்ல. நான்தான் விட்டேன். எனக்கு வீட்டுல எட்டு மாசக் குழந்தை. ராத்திரி தொட்டிலை ஆட்டிக்கிட்டே தட்டச்சு பண்ணினது, அந்த வரிக்குக் கை வரல. இன்னொரு காரணமும் உண்டு, ஒத்துக்கிடணும்: பிள்ளைங்க டர்னர் பக்கம் நிக்கணும்னு எனக்கு ஒரு நெனப்பு. போட்டித் தேர்வுப் பையன் செல்லுல இங்கிலீஷ் மூலத்தை எடுத்து வச்சுக்கிட்டு, "மேடம், இந்த வரி உங்க பேப்பர்ல காணோமே"ன்னான். கிரே எதைச் சேர்த்தார் எதை வெட்டினார்னு ரெண்டு நாளா பாடம் எடுத்தவ நான். முகத்தை எங்க கொண்டு வைக்க?

துறையில மூத்தவர் ஒருத்தர், "மதத்தை எல்லாம் கிளாசுக்குள்ள இழுத்துப் போடாதீங்கம்மா, நோட்ஸ் சொல்லிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டார்.

நான் கேக்கிறது இதுதான். அந்த வரியோட முழுசா மறுபடி கொடுக்கணுமா? நெசமா பொய்யான்னு கேக்கிறவனுக்கு என்ன சொல்ல? இதோட வேற எதைச் சேர்த்துப் படிக்கலாம்?


வண்ணார்பேட்டை ஓய்வு எழுதியது:

டீச்சரம்மா, முதலில் அந்தக் கோமரத்தாடி மகனுக்கு என் கணக்கில் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். 31 வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். அவன் சொன்னதை நான் ஆவணம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிரேயின் புத்தகம் தவிர, சவுத்தாம்ப்டன் நீதிமன்றத்தின் விசாரணைக் குறிப்பு தனியாக இருக்கிறது. சின்னது, வறட்டுக் குமாஸ்தா நடை. அதில் ட்ரெஸ்வந்த் என்ற மாஜிஸ்திரேட் சாட்சி சொல்கிறார். டர்னர் பிடிபட்டதும் அவரை விசாரித்தவர். கடவுளிடமிருந்து தனக்கு அடையாளங்கள் வந்ததாக டர்னர் நெடுநேரம் சொன்னார். கை வைத்தால் நோய் தீரும் என்று அவரும் அவர் கூட்டாளிகளும் நம்பினார்கள். மேகங்களுக்குக் கட்டளை இடுவேன் என்றார். 1826 முதலே இந்த எண்ணங்கள் இருந்தன. எல்லாம் முன்னுக்குப் பின் ஒட்டாத குழப்பமான கலவை. இது ட்ரெஸ்வந்த் காதில் விழுந்த டர்னர். அடுத்த ஓரிரு நாளில் கிரே போய் உட்கார்ந்து எழுதிய டர்னரோ பிறப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறி வருகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள், மிச்சத்தைப் பையன்களே பேசுவார்கள்.

உடனே 'கோர்ட்டுத் தாள்தான் நிஜம்' என்று முடிவு கட்டிவிடவும் விடாதீர்கள். 'குழப்பம்' என்பது தூக்கில் போட உட்கார்ந்திருந்தவர்களின் சொல். கிரே தம் புத்தகத்தில் நீதிபதி உருக்கமாக ஒரு நீண்ட உரை ஆற்றித் தண்டனை சொன்னதாகப் போட்டிருக்கிறார். குறிப்பில் அந்த உரை கிடையாது. இவர் ஒரு பக்கம் கூட்டினால் அவர்கள் ஒரு பக்கம் குறைத்திருப்பார்கள்.

கிரேக்கு வேண்டியது என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். வர்ஜீனியா முழுக்க வெள்ளைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. இது பெரிய சதியா, நம் வீட்டு அடுப்படியில் நிற்கிறவனும் இதில் உண்டா என்ற கிலி. ஒரு மதவெறியன், ஒரு வட்டாரம், கதை முடிந்தது என்று சொல்லும் புத்தகம் அவர்களுக்கு மருந்து. ஆனால் அதே கிரே, கந்தலும் சங்கிலியுமாக உட்கார்ந்திருந்தவன் விலங்கு பூட்டிய கைகளை வானத்தை நோக்கித் தூக்கியதைப் பார்த்துத் தன் ரத்தம் நரம்புகளில் உறைந்தது என்றும் எழுதிவிட்டார். 'இப்போதாவது தப்பு என்று தெரிகிறதா' என்று கேட்டதற்கு, 'கிறிஸ்து சிலுவையில் அறையப்படவில்லையா' என்று பதில் வந்ததையும் எழுதிவிட்டார். மருந்து விற்க வந்தவன் கடையில் இந்தச் சரக்கு எதற்கு?

நம் ஊரில் இதற்கு ஜோடி உண்டு. 1799 அக்டோபர் 16, கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட மேஜர் பானர்மேன் மறுநாள் மேலிடத்துக்கு அறிக்கை எழுதுகிறார். விசாரணை நேரம் முழுக்க அந்தப் பாளையக்காரர் அஞ்சாமலும் அலட்சியமாகவும் இருந்தார், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தார், தூக்குக்கு உறுதியான நடையோடு போனார் என்கிறார். கால்டுவெல்லின் 1881 திருநெல்வேலி வரலாற்றில் படிக்கலாம். உங்கள் பிள்ளைகளில் சிலராவது கோவில்பட்டி பஸ்ஸில் கயத்தாறைத் தாண்டித்தான் வருவார்கள். அவர்களுக்குத் தெரிந்த கட்டபொம்மன் சினிமா வசனக் கட்டபொம்மன். தூக்குப் போட்டவன் கைப்பட எழுதிய கட்டபொம்மனைக் காட்டுங்கள். பிறகு ஒரு குறுக்குக் கேள்வியும் போடுங்கள்: எதிரியை வீரன் என்று எழுதினால் பிடித்தவனுக்கும் பெருமைதானே?

தொட்டில் வரியைக் கொடுங்கள். கொடுக்காமல் தப்பிக்க முடியாது.


தேரிக்காட்டான் எழுதியது:

டீச்சர், கோவிச்சுக்கிடாதிய, ஒண்ணு கேக்கேன். அமெரிக்காக்காரன் அடிமைக்கு நீங்க கைக்காசு போட்டு ஜெராக்ஸ் எடுக்கிய. நம்ம ஆத்துப் பாசனத்துல வயலோட சேத்து ஆளையும் எழுதிக் குடுத்தாவளே, அதுக்கு எவன் ஜெராக்ஸ் போடுவான்?

1833ல லண்டன்ல அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டானுவ. 1834 ஆகஸ்டுல அமலாச்சு. கம்பெனி ஆளுத எடத்துக்கு இது கெடயாதுன்னு அதுலயே எழுதி வச்சிட்டானுவ. நமக்கு 1843 அஞ்சாம் சட்டம் வர வேண்டியிருந்திச்சி. அது என்ன செஞ்சிது? அடிமைங்கற உரிமைய கோர்ட்டு ஒத்துக்கிடாதுன்னு சொல்லிச்சி, அம்புட்டுதான். போய் ஆள அவுத்து விடல. தெக்க திருவிதாங்கூர்ல 1855 வரைக்கும் இழுத்தாவ. எங்க பாட்டையா சொல்லுவாவ, அடிமைன்னு சொல்லப்பிடாதுன்னு ஆன பெறவு பண்ணையாளுன்னு பேர மாத்திக்கிட்டாவளாம். பேரு மாறிச்சி, சோலி மாறல.

அந்தச் சனத்துக்கு ஒரு வக்கீலு கூட ஜெயிலுக்குள்ள வந்து உக்காந்து எழுதல. கள்ளத்தனமாவாவது எழுதினான்லா ஒங்க கிரே. நமக்கு அந்தக் கள்ளப் புஸ்தகமும் இல்ல. அதையும் பிள்ளையளுக்குச் சொல்லுங்க.


உபதேசியார் பேரன் எழுதியது:

அக்கா, அந்த மெஞ்ஞானபுரத்துத் தங்கச்சிக்காக இதை எழுதுறேன். அவ கையில டர்னரை மட்டும் கொடுத்தா, ஒண்ணு அவர் தீர்க்கதரிசி, இல்லாட்டி வசனத்தைப் புரட்டினவர்னு ரெண்டே பெட்டிதான் அவளுக்கு இருக்கும். டெமராராவையும் கொடுத்துப் பாருங்க.

தென் அமெரிக்காவோட வடகோடி, இன்னைக்குக் கயானா. 1823 ஆகஸ்ட் 18. பல ஆயிரம் அடிமைகள் எழும்பினாங்க. முன்னால நின்னவர் ஜாக் கிளாட்ஸ்டன். அவங்க அப்பா குவாமினா அங்க இருந்த பெத்தேல் சபையில டீக்கன். அந்தச் சபையோட போதகர் ஜான் ஸ்மித், லண்டன் மிஷன் அனுப்பின ஆள். நம்ம தெற்கே மயிலாடிக்கு ரிங்கல்தௌபேங்கிற மிஷனரியை அனுப்பின அதே லண்டன் மிஷன்! இந்தக் கலகத்துல வெள்ளைக்காரங்க செத்தது விரல் விட்டு எண்ணிரலாம். அடிமைகளைத்தான் நூத்துக்கணக்குல கொன்னாங்க. குவாமினாவைச் சுட்டு, உடம்பைச் சங்கிலியில கட்டி ரோட்டோரம் தொங்க விட்டாங்க.

ஸ்மித்தை ராணுவ நீதிமன்றத்துல நிறுத்தினாங்க. அவருக்கு எதிரா எடுத்து வாசிச்சது எதை தெரியுமா? அவரோட சொந்த டைரியை. ஒரு போதகர் ராத்திரி எண்ணெயோ மெழுகோ எரிச்சு ஆண்டவருக்கும் தனக்கும் மட்டும்னு எழுதினது, கலகத்தைத் தூண்டினதுக்குச் சாட்சியா ஆயிப்போச்சு. மரண தண்டனை. ராஜா இரங்கி விட்ட உத்தரவு கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள, 1824 பிப்ரவரி 6ல ஜெயில்லயே சீக்குல போயிட்டார். டர்னர் விஷயத்துல எதிரி எழுதினதை வச்சுக் கஷ்டப்படுறோம். இங்க தன் கையால எழுதினதே எதிரி கையில போன உடனே வேற அர்த்தம் ஆயிருது.

இன்னொண்ணு. நீங்க ஒரு வரியை வெட்டினதுக்கு இவ்வளவு வருத்தப்படுறீங்க. 1807ல லண்டன்ல, மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்காகன்னே ஒரு பைபிள் அச்சடிச்சாங்க. யாத்திராகமத்துல பத்துக் கட்டளை இருக்கும். மோசே ஜனங்களைக் கூட்டிக்கிட்டு எகிப்தை விட்டுக் கிளம்புற கதை இருக்காது. அந்தத் தங்கச்சிகிட்ட இதை மட்டும் சொல்லிட்டுச் சும்மா இருங்க.

ஒரு துணுக்கு: அந்தக் கலகத்தோட நடுவுல இருந்த 'சக்சஸ்' தோட்டம் ஜான் கிளாட்ஸ்டனோடது. ஜாக்குக்கு அந்தக் குடும்பப் பேர் வந்ததும் அப்படித்தான். அடிமை முறை போன பிறகு, 1838ல கல்கத்தாவுல இருந்து ரெண்டு கப்பல்ல முதன்முதலா இந்தியக் கூலிகளை அங்க இறக்க வச்சதும் இதே கிளாட்ஸ்டன்தான். பின்னாடி நம்ம தமிழ்ச் சனமும் போச்சு. தேரிக்காட்டு அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு இது பதில் இல்ல, ஆனா அவர் வயலுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் நடுவுல ஒரு கப்பல் தடம் இருக்கு.


குடம் வாசிக்கிறவன் எழுதியது:

நான் படிச்சவன் இல்ல. வில்லிசைக் குழுவுல குடம் அடிக்கிறேன், 22 வருசமா. டீச்சர் வரி விட்டதைப் படிச்சதும் சிரிப்பு வந்துட்டு, அதான் எழுதுதேன்.

முத்துப்பட்டன் கதை எல்லாருக்கும் தெரியும். பிராமணப் பையன், பாபநாசம் காட்டுல வாலப்பகடை மக்க பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரு மேலயும் ஆசப்பட்டு, பூணூல அறுத்துப் போட்டு, செருப்புத் தச்சு, மாட்டுக்குக் காவல் இருந்து, களவாணிக கூட சண்ட போட்டுச் செத்தான். பொண்டாட்டிக ரெண்டு பேரும் தீயில எறங்கினாவ. சொரிமுத்தையன் கோயில்ல இன்னைக்கும் பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்க. அந்தப் பிள்ளைய அருந்ததியர் வீட்டுப் பிள்ளையதான். ஆனா கதையோட ஒரு பாடத்துல, அதுக பொறப்புல பிராமணக் குழந்தைய, காட்டுல கெடந்தத வாலப்பகடை எடுத்து வளத்தான்னு வரும். நா. வானமாமலை ஐயா இந்தக் கதையப் பதிப்பிச்சப்போ இது பின்னால நொழைச்சதுன்னு எடுத்துக் காட்டியிருக்காவ.

நாங்க எதைப் பாடுவோம்னு கேட்டா, கொடை நடத்துத ஊரப் பொறுத்தது. முன்னால பாடுத அண்ணாவி மொதல்லயே, கொடைக்கு வரி குடுக்குத வரிதாரர்கிட்ட பைய ஒரு வார்த்த கேட்டுக்கிடுவாரு. ஒரு ஊருல ரெண்டு வரியத் தாண்டிக் குதிச்சுப் போயிருவாரு, நான் குடத்துல ஒரு தட்டு கூடத் தட்டி அத மூடிருவேன். யாருக்கும் தெரியாது, முன்வரிசையில ஒரு கெழவி மட்டும் "ஏன்டே, அது எங்க"ன்னு கேப்பா. ஒங்க வகுப்புல அந்தக் கெழவி செல்போன் வச்சிருக்கு, அம்புட்டுதான் வித்தியாசம்.


பழைய தமிழ் வாத்தி எழுதியது:

சுருக்கமாக. நெசமா பொய்யா என்ற பையனுக்கு ஆளோலையைச் சொல்லுங்கள். மதம், அடிமை, சந்தேகத்துக்குரிய ஆவணம் மூன்றும் நம் பெரியபுராணத்திலேயே ஒரு வழக்காக இருக்கிறது. சுந்தரர் கல்யாணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து 'இவன் எனக்கு அடிமை' என்று ஓலை நீட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில், ஆட்சி (நடைமுறையில் இருக்கும் வழக்கம்), ஆவணம், அயலார் காட்சி (நேரில் கண்டவர் சாட்சி) இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அவையோர் அப்படியே நம்பவில்லை. அதை எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் கொண்டுவரச் செய்து எழுத்தை ஒப்பிடுகிறார்கள். சிவபெருமானே வாதி என்றாலும் கையெழுத்தைச் சரிபார்த்த ஊர் இது.

டர்னருக்கு ஆவணம் கிரேயும் கோர்ட்டுக் குறிப்பும். காட்சி, ஒளிந்திருந்து பார்த்து உயிர் தப்பி வந்து சாட்சி சொன்ன லீவை வாலர். ஆட்சிக்கு எங்கே போவது? அடுத்த வருடம், 1832இல், கருப்பினத்தவர் யாரும் பிரசங்கம் செய்யக்கூடாது என்று வர்ஜீனியா சட்டம் போட்டது. ஒரு மதவெறியனோடு முடிந்த கதை என்று கிரே சொன்னதை அந்த ஊரே நம்பவில்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்?


பாளை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட மூணு வாரம் ஆயிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல்.

தேரிக்காட்டு அண்ணாச்சி, நீங்க கேட்டது உறைக்குது. தாளுக்கு அமெரிக்க வரலாறுன்னு பேர் இருக்கிறதால தப்பிச்சிக்கிட்டேன்னு வைங்க. ஆனா கள்ளப் புத்தகமும் இல்லங்கிற வார்த்தையை அப்படியே கரும்பலகையில எழுதிப் போட்டேன். ஒரு வகுப்பு பூரா அதுலயே போச்சு. ரெண்டு பிள்ளைங்க அவங்க வீட்டுக் கதையைச் சொன்னாங்க. இங்க எழுத மாட்டேன், அது அவங்களோடது.

தொட்டில் வரியோட புதுசா ஜெராக்ஸ் போட்டேன். அந்த வரிக்கு நேரா ஓரத்துல, 'முதல் தடவை இதை நான் விட்டுவிட்டேன்'னு கையால எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். மெஞ்ஞானபுரத்துப் பிள்ளை ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "அமலேக்கியர்ல பிள்ளைகளையும் குழந்தைகளையும் கொல்லச் சொல்லி சவுலுக்கு வந்த வசனம் இருக்கு மேடம், ஒண்ணாம் சாமுவேல் பதினஞ்சு. ஞாயிறு பள்ளியில அதைத் தாண்டித்தான் படிச்சோம்"ன்னா. 1807 பைபிளைப் பத்தி அதுக்கு அப்புறம்தான் சொன்னேன். உபதேசியார் பேரன் தம்பி சொன்ன மாதிரி சொல்லிட்டுச் சும்மா இருந்தேன். அவளும் சும்மாதான் இருந்தா. மறுநாள் என்கிட்ட அந்த பைபிள்ல வேற எதெல்லாம் இல்லன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கா.

போட்டித் தேர்வுப் பையனுக்கு ஆளோலை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆட்சி, ஆவணம், காட்சின்னு மூணு கட்டம் போட்டு எழுதிட்டான். கடைசியில, சாமி வந்ததான்னு தெரியாது, வந்ததுன்னு அவர் கூட நின்னவங்க நம்பினாங்க, நம்பினதுக்கு 1832 சட்டமே சாட்சின்னு முடிச்சிருந்தான். அஞ்சுக்கு நாலரை போட்டேன். அரை மார்க் எங்கன்னு சண்டைக்கு வந்தான். கூட நின்னவங்க நம்பினாங்கங்கிறதைச் சொன்னது ட்ரெஸ்வந்த்தான, அவர் யாருன்னு நீ எழுதலயேன்னேன். போயிட்டான்.

மூத்தவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசல. பானர்மேன் அறிக்கையை மட்டும் ஒரு பிரதி கேட்டார்.

வண்ணார்பேட்டை ஐயா, கடைசி பெஞ்சுக்காரனுக்கு உங்க கணக்குல காப்பி வாங்கிக் கொடுத்தாச்சு. அவன் டீதான் குடிப்பானாம். நான் சொல்லாமலே ஒரு காரியம் பண்ணிட்டு வந்திருக்கான். அவங்க ஊர் ஆடிக் கொடையில அப்பா சாமக்கொடைக்கு ஆடும்போது செல்லுல பதிவு பண்ணியிருக்கான், பதினோரு நிமிஷம். நையாண்டி மேளச் சத்தத்துல பாதி கேக்காது. அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ரெண்டு ராத்திரி உக்காந்து ஒண்ணரைப் பக்கம் எழுதியிருக்கான். என்கிட்ட நீட்டும்போதே, "வரிசையா வந்துட்டு மேடம். எவ்வளவு பாத்து எழுதினாலும் வரிசையாத்தான் வருது"ன்னான்.

அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினியாலேன்னு கேட்டேன். காட்டினானாம். அவர் வெத்தலையைத் துப்பிட்டு வந்து முழுசும் கேட்டிருக்கார். சரியா இருக்காப்பான்னு இவன் கேட்டதுக்கு, "நான் என்ன சொன்னேன்னு எனக்கு எப்படிலே தெரியும்? நீதான பக்கத்துல நின்ன"ன்னாராம்.